சிரித்த பிறகுதான் அப்பா எழுந்திருப்பார்

அப்பாவின் நினைவு மலர் அட்டைக்கு வேறு படமே கிடைக்கவில்லையா என்று பூலாம்பாடியிலிருந்து இரண்டு பேரும் திருச்சியிலிருந்து ஒருவரும் போனிலேயே கேட்டுவிட்டார்கள். அச்சுக்குப் போகும் முன் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதைப் பார்த்துவிட்டுக் கேட்டது அது. தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருக்கிறது. குங்குமம் கரைந்து புருவம் வரை வழிந்திருக்கிறது. அப்பா படுத்தபடியே பல் தெரியச் சிரிக்கிறார். இது அம்மா தேர்ந்தெடுத்த படம். வேறு படம் போடுவதாக இருந்தால் மலரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

என்னிடம் கேட்காமல் உங்களுக்குள் பேசிக்கொண்ட விஷயம் ஒன்றும் இருக்கிறது. சென்ற ஆண்டு அப்பாவைத் தூக்கும் நேரத்தில் அம்மா சிரித்தார். வந்திருந்த அத்தனை பேரும் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், "புருஷனைத் தூக்கறப்ப பல்லைக் காட்டுன பொம்பளை இவதான்" என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். யார் என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டுக்கும் இந்த மலர் வரும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது உறவுக்குள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்றைக்கு அந்த இலை முன்னாலேயே பதில் சொல்லியிருப்பேன். அம்மாதான் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வுடு. அவங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார்.

தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அப்பாவின் வாழ்க்கையைச் சொல்லாமல் அம்மாவின் சிரிப்பைச் சொல்ல முடியாது. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா பிறந்தது வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் குடும்பத்தில். பருத்தியும் சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற வீடு. மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் கடன் என்று இருந்த காலம். பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தார். காட்டு வேலையில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. இதை மறைக்க ஒன்றுமில்லை, அவரே எல்லோரிடமும் சொல்லுவார். களை வெட்டப் போனால் பாதி வரப்பிலேயே நின்று யாராவது நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். அப்புறம் அந்த ஆள் மாதிரியே நடந்து காட்டுவாராம்.

அவர் முதலில் மேடையேறியது ஊர்த் திருவிழா நாடகத்தில். கதாநாயகனின் அண்ணன் வேடம். முதல் காட்சியிலேயே கொலையாகி, அந்தக் காட்சி முடியும் வரை மேடையில் கிடக்க வேண்டும். வசனம் இரண்டே வரி. அன்றைக்கு ஒரு தெருநாய் மேடையேறி, செத்துக் கிடந்த அப்பாவின் முகத்தை நக்க ஆரம்பித்துவிட்டது. கூட்டம் சிரித்தது. நாய் மூக்கை நக்கியது, காதை நக்கியது, உதட்டை நக்கியது. அப்பா அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டதாம். முன் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி நிஜமாகவே பயந்து, "ஏ, யாராச்சும் போயி பாருங்கப்பா" என்று குரல் கொடுத்தாராம். நாடகம் முடிந்த பிறகு கதாநாயகனை யாரும் தேடவில்லை. செத்தவன் யார் என்றுதான் கேட்டார்கள்.

"அந்த நாய்தான் எனக்கு மொத விருது குடுத்துச்சு" என்பார் அப்பா.

பிறகு வேலை தேடி அரியலூருக்கு வந்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரிகளுக்கு எடை போடும் எடைமேடை ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்தவர், வெளிநாட்டில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிய பாய் ஒருவர், அந்த எடைமேடையை வைத்திருந்தார். அப்பாவை விட இரண்டு மூன்று வயது இளையவர். முதலாளி என்றாலும் அப்பாவை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். அப்பா சாகும் வரை அந்த எடைமேடைதான் அவருக்கு ஆபீஸ். நடிப்பு நின்று போன மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது பாயின் தயவால்தான்.

சனி, ஞாயிறுகளில் திருச்சிக்கு பஸ் ஏறி ஒரு நாடகக் குழுவில் நடித்தார். தாசில்தார், பெண்ணைப் பெற்றவர், போஸ்ட்மேன், மருத்துவர், இப்படித்தான் வேடங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுப் போகிற ஆட்கள். ஆனால் அப்பா சும்மா போக மாட்டார். தாசில்தாராக வந்தால் பேனா மூடியைக் காணாமல் தேடிக்கொண்டே கையெழுத்துப் போடுவார். போஸ்ட்மேனாக வந்தால் வெயிலில் வந்த ஆள் மாதிரி முதலில் நிழலில் நின்று கண்ணைக் கொட்டிவிட்டுத்தான் கடிதத்தை நீட்டுவார். இதற்கெல்லாம் கைதட்டல் கிடைக்காது. கதாநாயகனுக்குக் கிடைக்கும் கைதட்டலில் இதுவும் சேர்ந்திருக்கிறது என்று அப்பா நம்பினார். நானும் நம்புகிறேன்.

நாடகத்தைப் பார்த்த ஒரு சினிமாக்காரர் அவரைச் சென்னைக்கு அழைத்தார். முதல் படத்தில் லாரி டிரைவர் வேடம். வில்லனின் ஆட்கள் அடித்துப் போட்டுவிடுவார்கள். ஒரே டேக்கில் முடிந்தது. எழுந்திருக்கப் போனவரை, லைட் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தோளில் கைவைத்து அழுத்திவிட்டார்.

"எந்திரிக்காதீங்க சார். படுத்தபடியே கேமராவைப் பாத்துச் சிரிங்க. அதையும் எடுத்துருவாங்க. சிரிச்சிட்டுத்தான் எந்திரிக்கணும். பொணமா நடிச்சிட்டு அப்படியே எந்திரிச்சுப் போனா வீட்டுக்கு ஆவாது."

சினிமாவில் இது பழைய வழக்கம். செத்தவராக நடித்தவர் சிரிக்கிற அந்தத் துண்டு படத்தில் வராது. ஆனாலும் எடுப்பார்கள். அப்பா சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்தார். ஊருக்கு வந்து இதை ஒரு வேடிக்கையாக அம்மாவிடம் சொன்னார். பின்னால் அம்மாவுக்கு அது வேடிக்கையாக இல்லாமல் போயிற்று.

அதற்குக் காரணம் உண்டு. பூலாம்பாடி மாமாவுக்கு இது தர்மசங்கடமாக இருக்கும். ஆனால் எழுதச் சொல்லி அனுமதி கொடுத்தவரே அவர்தான்.

கல்யாணமாகி ஒன்றரை வருடம் இருக்கும். நான் அம்மா வயிற்றில். அதற்குச் சில மாதம் முன்பு அப்பாவுக்கு ஒரு படத்தில் போட்டோ வேடம் வந்திருந்தது. கதாநாயகனின் இறந்து போன தகப்பனாராகச் சுவரில் மாலையோடு தொங்க வேண்டும், அவ்வளவுதான். கம்பெனியில் ஒரு பழைய படம் கேட்டார்கள். அப்பா வீட்டில் இருந்த கல்யாணப் போட்டோவை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதில் அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, பொட்டு வைத்து, மாலை போட்டு, விளக்கும் ஏற்றிவிட்டார்கள்.

அந்தப் படம் பூலாம்பாடி டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. அம்மாவின் அண்ணனான மாமா மண் தரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அப்பா அடி வாங்கி விழுவதையெல்லாம் அவர் முன்பே பார்த்தவர்தான், அதற்கெல்லாம் அவர் அசையவில்லை. இது வேறு. தங்கை கல்யாணத்தில் தன் கையால் கட்டிவிட்ட அதே தலைப்பாகையோடு அப்பா சுவரில் மாலை போட்டுத் தொங்குகிறார். உயிரோடு இருக்கிற மனுஷனின் கல்யாணப் போட்டோவை எடுத்து எவனாவது மாலை போடுவானா என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஏதோ நடந்துவிட்டது, நமக்குத்தான் தகவல் வந்து சேரவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். மறுநாள் காலை பிறந்த வீட்டு முறைப்படி தங்கைக்குக் கோடிப் புடவை எடுத்துக்கொண்டு, கூட நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, அரியலூர் பஸ்ஸில் ஏறினார்.

கதவைத் திறந்தது அப்பா. வாயில் பல் தேய்க்கிற பிரஷ்.

"வாங்க மச்சான், என்ன காலையிலயே" என்றார்.

மாமா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட வந்த பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டு, அதை எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் நின்றார்கள். அம்மா உள்ளேயிருந்து வந்தார். மஞ்சள் பையில் இருந்த கோடிப் புடவையைப் பார்த்தார். நிறைமாதம். அப்படியே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாராம். நடந்தது என்னவென்று அப்பா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், மாமாவும் அழுதுகொண்டே சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

வந்த கோடியைத் திருப்பிக் கொண்டுபோகவும் கூடாது, வீட்டில் வைக்கவும் கூடாது. அப்பாதான் வழி கண்டுபிடித்தார். திருச்சி நாடகக் குழுவின் துணிப் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். அந்தப் புடவை பல வருடம் மேடையில் வெவ்வேறு விதவைகளுக்கு உதவியது.

அன்று முதல் அம்மா இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, மாலை போட்ட போட்டோவாக இனி நடிக்கக் கூடாது. இரண்டாவது, சாகிற காட்சி எதுவானாலும் சிரிக்காமல் எழுந்திருக்கக் கூடாது, சிரித்த தகவல் அன்றைக்கே வீடு வந்து சேர வேண்டும்.

அம்மாவைப் பார்த்து மூடநம்பிக்கை என்று நானே சின்ன வயதில் சண்டை போட்டிருக்கிறேன். சிமென்ட் ஆலை ஆய்வுக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், எதையும் சோதித்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்த வாசற்படியில் நான் நிற்கவில்லை. அம்மாதான் நின்றார்.

எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. எடைமேடையில் இருந்தது. சென்னையிலோ பொள்ளாச்சியிலோ அப்பா செத்து எழுந்ததும் முதல் வேலையாக எடைமேடைக்குப் போன் போடுவார். பாய் கல்லாவைப் பூட்டிவிட்டு சைக்கிளை எடுப்பார். எங்கள் வாசலில் ஒரு காலை ஊன்றி நின்று, மணியடித்து, இறங்காமலே சொல்லுவார்.

"அண்ணி, அண்ணன் சிரிச்சுட்டாராம்."

"சரிங்க பாய்" என்பார் அம்மா. அப்புறம்தான் அன்றைக்குச் சாப்பிடுவார்.

சைக்கிள் போய் டிவிஎஸ் வந்தது. டிவிஎஸ் போய் வீட்டுக்கே போன் வந்தது. செல்போன் வந்த பிறகும் அப்பா முதலில் பாய்க்குத்தான் போட்டார், பாய்தான் அம்மாவுக்குச் சொன்னார். ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "அந்த ஆளு வந்து சொன்னாத்தான் உங்கம்மாவுக்குச் சோறு எறங்கும்" என்றார் அப்பா.

அப்பாவுக்குச் சாகிற வேடங்கள்தான் அதிகம் வந்தன. அதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதைப் பெருமையாகவே எழுதுகிறேன். கண்ணை மூடக் கூடாது, இமையை விட்டுவிட வேண்டும் என்பார். மூச்சை அடக்கினால் கழுத்து நரம்பு காட்டிக்கொடுத்துவிடும், வயிற்றுக்கு அடியில் கொஞ்சமாக விட வேண்டும் என்பார். படப்பிடிப்பு அன்று காலையில் வெறும் வயிறு. "அவரைக் கூப்புடுங்கப்பா, ஒரே டேக்குல செத்துடுவாரு" என்று கம்பெனிகளில் சொல்லுவார்களாம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை ஒருவர் அவரையே உற்றுப் பார்த்துவிட்டு, "சார், நீங்க அந்தப் படத்துல செத்தவரு தானே?" என்று கேட்டார். "ஆமாங்க. இப்ப நல்லா இருக்கேன்" என்றார் அப்பா. அந்த மனிதர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இத்தனை படத்திலும் அவருடைய பெயர் தனியாக வந்ததில்லை. கடைசியில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் ஒன்றாக வந்து, நாம் படிப்பதற்குள் போய்விடும். சில படங்களில் அதுவும் இல்லை. தியேட்டரில் எல்லோரும் எழுந்து போன பிறகும் அப்பா உட்கார்ந்திருப்பார். திரை வெளுத்த பிறகு, "சரி, போலாம்" என்பார். 

அறுபது வயதைத் தாண்டிய பிறகு ஒரு இளம் இயக்குநர் அரியலூருக்கே தேடி வந்தார். எடைமேடையில்தான் சந்திப்பு. ஊர்ப் பெரியவர் ஒருவர் இறந்துவிடுகிறார். அவர் உடலை நடுவீட்டில் கிடத்திவைத்துக்கொண்டு பிள்ளைகள் பங்குக்குச் சண்டை போடுகிறார்கள். படம் முழுக்க அந்த உடல் அங்கேயே கிடக்கும். வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு வீட்டில் இருபது நாளுக்கு மேல் படப்பிடிப்பு. அப்பாவுக்குத் தனியாகப் பெயர், போஸ்டரில் முகம்.

அம்மா ஒரே வார்த்தையில் முடியாது என்றார்.

"இருவது நாளு பொணமா கெடக்கறதுக்கா பேரு?"

"வேற எதுக்கு எனக்குப் பேரு வந்துச்சு, சொல்லு. ஜட்ஜா நடிச்சேன், எவனுக்கு ஞாபகம் இருக்கு? செத்தேன், எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. இதை வுட்டா எனக்கு இனிமே ஒண்ணும் வராது."

அப்பா கெஞ்சிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் இயக்குநரைக் கூப்பிட்டு அனுப்பினார். "தெனமும் சிரிக்க வைக்கணும். கடைசியில போட்டோவுக்கு மாலை போடறீங்களாமே, அது ஆவாது" என்றார். அந்தப் பிள்ளை தலையைச் சொறிந்துவிட்டு ஒப்புக்கொண்டது. படத்தின் கடைசியில் சுவரில் ஒரு வெறும் ஆணியை மட்டும் காட்டினார்கள். அந்த வெறும் ஆணியைப் பத்திரிகைகளில் புகழ்ந்து புகழ்ந்து எழுதினார்கள். அது எங்கம்மா போட்ட நிபந்தனை என்பது இன்றைக்குத்தான் அச்சில் வருகிறது.

படப்பிடிப்புக்கு அம்மா போகவே இல்லை. தினமும் மாலை பாயிடமிருந்து போன் வரும், அண்ணன் சிரிச்சுட்டாராம் என்று. கடைசி நாள் அப்பாவைப் பாடையில் வைத்துத் தூக்குகிற காட்சி. அன்றைக்கு மட்டும் அம்மா அடுக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நான் வண்டியில் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் ஒரு வேப்பமரத்தடியில் திரும்பி நின்றார். தப்பு அடித்தார்கள், சங்கு ஊதினார்கள், பெண்கள் தெருவில் விழுந்து அழுதார்கள். இயக்குநர் கட் சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து மலைப் பக்கத்திலிருந்து மழை கொட்ட ஆரம்பித்தது. லைட்டுகளை மூடினார்கள், வயர்களைச் சுருட்டினார்கள், கேமராவைப் போர்த்தி வேனில் ஏற்றினார்கள். ஐந்து நிமிடத்தில் தெரு காலி.

அப்பா பாடையிலேயே கிடந்தார். யாரும் சிரிக்கச் சொல்லவில்லை. அதனால் அவர் எழுந்திருக்கவில்லை. மழை அவர் முகத்தில் நேராக அடித்துக்கொண்டிருந்தது.

நான் ஓடிப் போய், "அப்பா, எழுந்திருங்க" என்றேன். இமைகூட அசையவில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மா சட்டியோடு வேனுக்கு முன்னால் போய் நிற்கிறார். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அம்மா நகரவில்லை.

"தம்பி, கேமராவை எறக்குங்க" என்றார்.

"அம்மா, மழைம்மா. கேமரா நனைஞ்சா போயிடும். நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார் உதவியாளர் ஒருவர்.

"நாளைக்கு வரைக்கும் அவரு அங்கயே கெடப்பாரா? உங்க கேமரா நனையக் கூடாது, எங்க வூட்டுக்காரரு நனையலாமா? அவரு இன்னும் எந்திரிக்கலை தம்பி. எறக்குங்க."

இயக்குநர் வேனிலிருந்து குதித்தார். அவருக்கு முகமே வெளுத்துவிட்டது. தானே கேமராவுக்குக் குடை பிடித்தார். போட்டோ எடுப்பவர் ஒருவரும் இறங்கி வந்தார். எல்லாம் தயார் என்றதும் அப்பா கண் திறந்தார். திறந்தவர் முதலில் பார்த்தது, பாடையின் அந்தப் பக்கம் தொப்பலாக நனைந்துபோய் நிற்கிற அம்மாவை. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. உதடு நடுங்கியது. இத்தனை வருடத்தில் அப்பா இரண்டாவது டேக் கேட்டது அங்கேதான்.

அம்மா சட்டியைத் தூக்கிக் காட்டினார். "எந்திரிங்க. சோறு ஆறுது" என்றார்.

அப்பா சிரித்தார். வாய்விட்டு, வயிறு குலுங்க, பாடை ஆட ஆடச் சிரித்தார். நீங்கள் கையில் வைத்திருக்கும் அட்டைப் படம் அந்தச் சிரிப்புதான். குங்குமம் வழிவது மழையால்.

அரியலூர் தியேட்டரில் அந்தப் படம் வந்தபோது குடும்பத்தோடு போனோம். அப்பா செத்துக் கிடப்பதை அம்மா எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அன்றைக்குக் கதவோரம் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் பெயர் கதாநாயகனுடையது. இரண்டாவது பெயர் அப்பாவுடையது. தனியாக, திரை நிறைய, வேறு ஒரு எழுத்துக்கூடப் பக்கத்தில் இல்லாமல். கூட்டம் விசிலடித்தது. என் தம்பி விம்மி விம்மி அழுதான். அம்மா அந்தப் பெயரை ஒருமுறை வாய்க்குள் படித்தார். படித்துவிட்டு வெளியே போய், பாய் வீட்டம்மாவோடு முறுக்குக் கடைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கும் படம் முடிந்து திரை வெளுக்கும் வரை அப்பா எழுந்திருக்கவில்லை. ஆனால் அவர் "சரி, போலாம்" என்று சொன்னபோது அந்தக் குரலே வேறாக இருந்தது.

அதற்குப் பிறகும் நாலைந்து படங்கள் செய்தார். பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. திருச்சியில் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கேயும் அவர் பழக்கம் போகவில்லை. அசையாமல் படுத்துக் கிடந்து ஒரு நர்ஸைப் பயமுறுத்திவிட்டார். அந்தப் பெண் ஓடி வந்து நாடி பிடித்தபோது, "ஒண்ணும் இல்லம்மா, தொழில்" என்றார். இதயம் பலவீனமாகிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எட்டு வாரம் அம்மா ஊட்டினார், துடைத்தார், திட்டினார். அப்பா ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை.

அன்று முற்பகல் கஞ்சி ஆற்றி எடுத்துக்கொண்டு அம்மா அறைக்குள் போனார். அப்பா மல்லாந்து கிடந்தார். இமைகள் மூடியிருக்கவில்லை, விட்டிருந்தன. நடிக்கிறார் என்று அம்மா நினைத்தார்.

"எந்திரிங்க. கஞ்சி ஆறுது" என்றார்.

கொஞ்ச நேரம் பொறுத்தார். இன்னொரு முறையும் சொன்னார். அப்புறம் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

அடுத்து நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஆனாலும் அருகில் நின்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். பூலாம்பாடி மாமா கோடிப் புடவையோடு வந்தார். அதே மாதிரி மஞ்சள் பை. இந்த முறை வாசலில் யாரும் அவரை வாங்க மச்சான் என்று கேட்கவில்லை. அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு மாமா தெருவிலேயே நின்று அழுதார். நீர்மாலை முடிந்தது, வாய்க்கரிசி போட்டாயிற்று. தம்பி கொள்ளிச் சட்டியோடு முன்னால் நின்றான். நாலு பேர் குனிந்து பாடையில் கை வைத்தார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்றார் அம்மா.

அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரமாவுது தங்கச்சி" என்றார் மாமா.

"இன்னும் சிரிக்கலைண்ணே."

அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உங்களில் சிலர் கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது. அம்மாவுக்குப் புத்தி அன்றைக்குத்தான் மிகத் தெளிவாக இருந்தது. அவர் காத்திருந்தார். அப்பாவுக்காக அப்படி எத்தனையோ நாள் வாசலில் காத்திருந்தவர்தான் அவர். அப்புறம் அப்பாவின் கன்னத்தைத் தொட்டு, கண்ணில் நீர் கொட்டக் கொட்ட, பல் தெரியச் சிரித்தார்.

 அப்போது தெருவோரம் கைத்தடியை ஊன்றி நின்றிருந்த பாய் குரல் கொடுத்தார். வயதாகிவிட்ட குரல்தான். ஆனால் முன்பு சைக்கிளில் நின்று சொன்ன அதே மாதிரி சொன்னார்.

"அண்ணி, அண்ணன் சிரிச்சுட்டாரு. தூக்கச் சொல்லுங்க."

"சரிங்க பாய்" என்றார் அம்மா. எழுந்து வழிவிட்டார். தூக்கினார்கள்.

அன்று மாலை எல்லோரும் குளித்து வந்த பிறகு அம்மாவிடம் கேட்டேன். "இத்தனை வருசமா அவரு சிரிச்சு எனக்குச் சொல்லி அனுப்புனாரு. இன்னைக்கு அவரால முடியல. அவருக்காவ நான் சிரிச்சேன். சிரிக்காம எப்படி அனுப்பறது?" என்றார். இதுதான் அந்தச் சிரிப்பு. இனி பந்தியில் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசட்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அப்பாவின் மூச்சு சீராக இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், அவர் பயமுறுத்திய அந்த நர்ஸ் பெண்ணுக்கும் நன்றி. அவருக்கு வேடம் கொடுத்த திருச்சி நாடக நண்பர்களுக்கும், மழையில் குடை பிடித்த இயக்குநருக்கும், பதினாறாம் நாள் வரை எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட தெருவினருக்கும் நன்றி. இரண்டு முறை கோடி கொண்டுவர நேர்ந்த பூலாம்பாடி மாமாவுக்கு என் வணக்கம். முதல் முறையோடு நின்றிருக்கக் கூடாதா என்று எனக்கும்தான் தோன்றுகிறது மாமா. பாய்க்கு நன்றி சொன்னால் திட்டுவார். அவர் சைக்கிள் மணிக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆண்டு நினைவுக்கு வருகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நடுவீட்டில் அப்பாவின் இந்தப் படம்தான் இருக்கும். அதற்கு மாலை கிடையாது. பூ கொண்டுவந்தால் வாசலில் உள்ள தட்டில் வைத்துவிடுங்கள், வீட்டுப் பெண்கள் தலையில் வைத்துக்கொள்வார்கள். உள்ளே வந்து, சாப்பிட்டு, புறப்படும்போது அந்தப் படத்தைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டுப் போங்கள். வாசலில் அம்மா உட்கார்ந்திருப்பார். சிரிச்சாச்சா என்று கேட்பார். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்.